பழகாதது எங்கே போச்சு?

எங்கள் கல்லூரியின் ஈ அறையில் "பழகிப்போச்சு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. மற்றபடி எதைப் பேசினாலும் அறைக்குப் பொறுப்பான அந்த அம்மா கண்டுகொள்ள மாட்டார். துறைத்தலைவரைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம், அவர் காதுபடவே அவரையும் திட்டலாம். இந்த ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். உருப்பெருக்கியிலிருந்து தலையை எடுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். "யாருக்குப் பழகிப்போச்சு? பழகாதது எங்க போச்சு?" என்று கேட்பார். பதில் வரும்வரை வேலை நின்றுவிடும். பதில் யாரிடமும் இருந்ததில்லை என்பதால் நாங்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில், மதுரைக்கு மேற்கே ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. வேலை என்னவென்றால் ஈக்குச் சமைப்பது. வீட்டு ஈ அல்ல. வாழைப்பழம் அளவுக்கு மீறிக் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளுக்குச் சிவப்புக் கண் வைத்தது மாதிரி ஒன்று, அந்தப் பழ ஈ. ரவை, கருப்பட்டி, கடற்பாசி மூன்றையும் தண்ணீர் விட்டுக் கிண்டி, பால் புட்டிகளில் ஊற்றி, ஆறியபின் மேலே ஈஸ்ட் தூவி, ஈக்களை விட்டுப் பஞ்சால் வாயை அடைக்க வேண்டும். ஈக்கள் அதைத் தின்று அதிலேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார்.

என் ஊர் கல்லூரியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில்தான். டீக்கடையில் என்னைப் பார்த்தால், "மாப்ள, இன்னைக்கு ஈக்கு என்ன, கேசரியா?" என்பார்கள். என் மனைவி வேறு விதமாகச் சொல்வாள். "வீட்டுல ஒரு வெந்நி வைக்கத் தெரியாது. ஈக்கு மட்டும் பதம் பாத்துக் கிண்டுறாராம்."

அந்த அம்மா துறையில் விரிவுரையாளர். முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஒன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவார். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒயர் கூடை. கூடைக்குள் பெரும்பாலும் ஈ இருக்கும்.

பஸ்ஸில் நடந்த ஒரு கதை எங்கள் வழித்தடம் முழுக்கப் பிரசித்தம். ஒரு ஐப்பசி மழையில் டவுன் பஸ்ஸின் கூரை ஒரு இருக்கைக்கு நேர் மேலே ஒழுகியது. அந்த அம்மா கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "அது ரெம்ப நாளா அப்பிடித்தாம்மா. எல்லாருக்கும் பழகிருச்சு" என்றார்.

"பழகலைங்க. அந்த சீட்டை விட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?"

கண்டக்டருக்கு ஒன்றாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து அந்த அம்மா அதே இருக்கையில் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார். ஓடும் பஸ்ஸுக்குள் குடை. கம்பி பக்கத்தில் இருப்பவர் காதைக் குத்தியது, பின்னால் இருப்பவர் கூந்தலில் மாட்டியது. பத்து நாள் போல நடந்தது. கூரைக்குத் தார் பூசினார்கள். ஒழுகலைப் பற்றி ஒருவரும் புகார் செய்யவில்லை. குடையைப் பற்றித்தான் புகார் போயிருந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு நாள் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்குக் கல்யாணமாகி நான்கே மாதத்தில் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டார் என்று எங்கள் துறை டைப்பிஸ்ட் அக்கா சொல்லியிருந்தார். புருஷன் வீட்டுப் பெரியவர் ஒருவர் சமாதானம் பேசக் கல்லூரிக்கே வந்தார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தோம். நான் கொஞ்சம் தள்ளிப் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பெரியவர் நயமாகத்தான் பேசினார்.

"எல்லா வீட்டுலயும் நடக்குறதுதானம்மா. போகப் போகப் பழகிரும்."

நான் புட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை.

"உங்க வீட்டு மூத்த மருமக எங்க, மாமா?"

பெரியவர் எழுந்து போய்விட்டார். காப்பி பாதி டம்ளரில் அப்படியே இருந்தது. மூத்த மருமகள் கிணற்றில் தவறி விழுந்து இறந்தவர் என்று டைப்பிஸ்ட் அக்கா பிறகு சொன்னார். 'தவறி' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

இனி ஆராய்ச்சி. எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மேல்பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலை இருந்தது. சேலைக்கும் நூலுக்கும் சாயம் ஏற்றிய தண்ணீரை, அதில் கலக்கிற உப்பு, அமிலம், உலோகச் சத்து எல்லாவற்றோடும் வாய்க்காலில் விடுவார்கள். திங்கட்கிழமை ஊதா ஓடினால் புதன்கிழமை பச்சை ஓடும். தீபாவளி நெருங்கினால் இன்ன கலர் சேலைதான் இந்த வருஷம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வாய்க்கால் ஓரக் கிணறுகளில், எங்கள் வீட்டுக் கிணற்றிலும், தண்ணீர் துவர்த்தது. என் அண்ணன் வயலில் நெல் கருகியது.

அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்து சைக்கிள் கேரியரில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவருவதும் என் வேலைதான். நல்ல தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றி ரவை கிண்டுவேன். அதில் ஈயை விட்டால் முதல் தலைமுறையில் அநேகமாக எல்லாமே செத்துவிடும். புட்டிக்கு நாலைந்து தப்பும். தப்பியவற்றை மட்டும் அந்த அம்மா எடுத்து இனப்பெருக்கம் செய்து, அவற்றின் பிள்ளைகளை மறுபடி அதே சாப்பாட்டில் விடுவார். அதில் கொஞ்சம் கூடுதலாகத் தப்பும். இப்படியே தலைமுறை தலைமுறையாக.

செத்தவற்றை நான் முதலில் கொட்டிவிடுவேன். ஒரு நாள் பார்த்துவிட்டு சத்தம் போட்டார். அன்றிலிருந்து செத்த ஈயை வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் தட்டி, தூரிகையால் ஒதுக்கி ஒதுக்கி எண்ண வேண்டும். அதற்கென்று கறுப்பு அட்டை போட்ட தனி நோட்டு. மாணவர்கள் உயிரோடு இருப்பவற்றைத்தான் எண்ணுவார்கள். கறுப்பு நோட்டை அந்த அம்மாவே வைத்துக்கொள்வார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு காலையில் புட்டிகளைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஊதா நிறச் சாப்பாட்டின் மேல் ஈக்கள் குதூகலமாகப் பறந்துகொண்டிருந்தன. என்னையும் அறியாமல் வாய் தவறிவிட்டது.

"பாத்தீங்களா மேடம், இம்புட்டு நாள்ல பழகிக்கிருச்சுக!"

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஆனால் அன்று வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "அப்படியா பாண்டி? சோதிச்சுப் பாத்துருவமா?" என்றார்.

அந்தத் தாங்கும் ஈக்களின் முட்டைகளை எடுத்து, நல்ல தண்ணீரில் கிண்டிய ரவையில் வளர்த்தோம். பிள்ளைகள் சாயத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காமல் வளர்ந்தன. யானைக்கல் பக்கத்துப் பழக்கடைகளில் பிடித்துவந்த சந்தை ஈக்களை இன்னொரு புட்டியில் விட்டு, ஒவ்வொரு நாளும் சொட்டுச் சொட்டாகச் சாயத் தண்ணீரைக் கூட்டிப் பழக்கினோம். பிறகு இரண்டு கூட்டத்தையும் முழுச் சாயத் தண்ணீரில் விட்டோம். நாங்கள் பாடுபட்டுப் பழக்கிய சந்தை ஈக்கள் பெரும்பாலும் செத்துப்போயின. ஒரு பழக்கமும் இல்லாத பிள்ளைகள் பிழைத்தன.

"பழக்கம்னா இதுகளுக்கு எப்படி வந்துச்சு?" என்றார். "அம்மா அப்பாகிட்ட இருந்து வந்துச்சு. அவங்களுக்கு அவங்க அம்மா அப்பாகிட்ட இருந்து. முத முதல்ல நம்ம பிடிச்சுட்டு வந்ததுலயே நாலைஞ்சுக்குத் தாங்குற உடம்பு இருந்துச்சு. ஒரு ஈயும் மாறல பாண்டி. மத்ததெல்லாம் செத்துருச்சு. அம்புட்டுத்தான்."

தாங்கும் ஆணையும் சந்தைப் பெண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் பிள்ளைகள் அரைகுறையாகத் தாங்கின. அதையும் காட்டினார். இன்னொன்றையும் காட்டினார். தாங்குகிற ஈக்களை நல்ல சாப்பாட்டில் சந்தை ஈக்களோடு வைத்தால் முட்டை குறைவாக இடும், வளர்வதும் மெதுவாகத்தான். பிழைத்ததும் முழுசாகப் பிழைக்கவில்லை என்பார்.

இதற்குள் சாயத் தொழிற்சாலைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் கலெக்டருக்கு மனு கொடுத்திருந்த சமயம். மேனேஜர் காரில் வந்து இறங்கினார். ஊதாச் சாப்பாட்டில் ஈ பறப்பதைக் குனிந்து பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை. அதற்கு அடுத்த வாரம் துறைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி அன்பளிப்பாக வந்தது. ஆராய்ச்சிக்கென்று வந்த அது துறைத்தலைவர் அறைக்குப் போய், அவருக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது.

துறைத்தலைவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "ஒரு சான்றிதழ்தான் கேக்குறாங்க. நீங்க கண்டுபிடிச்சதை நீங்களே எழுதிக் குடுக்கறதுல என்ன கஷ்டம்?" என்றார்.

"ஒரு கஷ்டமும் இல்ல சார்."

உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அசந்துபோனேன். டைப்பிஸ்ட் அக்காவிடம் கேட்டதில், ஒரே தாளில் இரண்டு பத்தி என்று தெரிந்தது. எங்கள் ஆய்வகத்தில் வளர்த்த ஈக்கள் இந்தத் தண்ணீரில் உயிர் வாழ்கின்றன என்பது முதல் பத்தி. அந்த நிலைக்கு வர எத்தனை ஈக்கள் செத்தன என்பது, கறுப்பு நோட்டிலிருந்து எடுத்த கணக்கோடு, இரண்டாவது பத்தி.

கலெக்டர் உத்தரவின்படி, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆர்.டி.ஓ. சின்ன வயது, நிதானமான மனிதர். ஊரே ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தது. மேனேஜர் சான்றிதழின் நகல் என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். அதில் ஒரு பத்திதான் இருந்தது.

"காலேஜ்லயே எழுதிக் குடுத்துருக்காங்க சார். ஈ எம்புட்டுச் சின்ன உசுரு! அதுக்கே இந்தத் தண்ணி பழகிருச்சு. மனுசனுக்கு என்ன வந்துறப் போகுது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாருக்குப் பழகிருச்சு?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

அந்த அம்மா ஒயர் கூடையோடு முன்னால் போனார். மூன்று புட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் நல்ல சாப்பாட்டில் சந்தை ஈக்கள், பறந்துகொண்டிருந்தன. இரண்டாவதில் வாய்க்கால் தண்ணீர்ச் சாப்பாட்டில் அதே சந்தை ஈக்கள், அடியில் கேழ்வரகு சிந்தியது போல் கிடந்தன. மூன்றாவதில் எங்கள் ஆய்வகத்து ஈக்கள். தன் கையிலிருந்த கார்பன் நகலை எடுத்து இரண்டாவது பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். எத்தனை செத்தன என்ற எண்ணிக்கையைப் படிக்கும்போது, ஈதானே என்று யாரும் சிரிக்கவில்லை.

ஆர்.டி.ஓ. புட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டார்.

"ஈ மாதிரி மனுஷங்களும் காலப்போக்குல தாங்கிக்க முடியாதாம்மா?"

"முடியும் சார். இந்த ஊர்ல பத்துல ஒன்பது பேர் பிள்ளை பெத்துக்கறதுக்கு முன்னாடி சாகணும். மிச்ச ஒருத்தர் பெத்த பிள்ளைங்கள்லயும் பாதிக்கு மேல சாகணும். இப்படியே இருபத்தஞ்சு முப்பது தலைமுறை போனா இந்தத் தண்ணி யாரையும் ஒண்ணும் செய்யாது. யாரு முதல்ல சாகணும்னு நீங்க ஒரு பட்டியல் மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா ஆரம்பிச்சிரலாம்."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். என் அண்ணன் துள்ளி எழுந்தார்.

"அப்பிடிச் சொல்லு தாயி! ஐயா, எங்க பசு ரெண்டு இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் செத்துச்சு. அம்மாவே சொல்லுவாக, கேளுங்க!"

ஆர்.டி.ஓ. அந்த அம்மாவைப் பார்த்தார். ஊர் முழுக்க அந்த அம்மாவைப் பார்த்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றார். "மாட்டை நான் பாக்கல. வேற நோயாவும் இருக்கலாம்."

அண்ணன் நின்றபடியே நின்றார். யாரோ பின்னாலிருந்து, "இது யாரு கட்சிப்பா?" என்றார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, ஒரு வார்த்தை, ஆமான்னு ஒரு வார்த்தை! சொன்னா நாக்கு அழுகிருமா உங்க மேடத்துக்கு?" அதற்கப்புறம் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பாக்காததை எப்படி பாண்டி சொல்றது?" என்றார். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை என்று தோன்றியது.

உத்தரவு எங்கள் பக்கம்தான் வந்தது. தமக்குச் சாதகமான மாட்டு விஷயத்திலேயே தெரியாது என்று சொன்ன அம்மா, மற்றதில் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று ஆர்.டி.ஓ. எழுதியிருந்தாராம். ஆக, அண்ணனின் மாடுகள்தான் செத்தும் ஜெயித்துக் கொடுத்தன. அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் வாய்க்காலில் இனிக் கழிவை விடக் கூடாது என்பது உத்தரவு. ஊரில் மேளம் வைத்துக் கொண்டாடினார்கள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மாலை கழுத்தில் விழுந்ததுமே பஞ்சாயத்துத் தலைவரிடம், "அந்தத் தண்ணி இப்ப எங்க போகுது?" என்று கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் குழாய் போட்டுட்டான்மா. ஓடை வழியா கீழ இருக்குற கம்மாய்க்குப் போயிரும்."

"அங்க ஊரு இருக்கே?"

"அது வேற பஞ்சாயத்தும்மா" என்றார் தலைவர், ஆறுதலாக.

அந்த அம்மா மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுநாள் அந்த ஓடையிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். அடுத்த வாரமும் கொண்டுபோனேன். அதற்கடுத்த வாரம் சைக்கிள் பஞ்சர் என்றேன். பிறகு அவரே பஸ்ஸில் போய் எடுத்துவர ஆரம்பித்தார். கல்லூரியிலும் காலம் மாறியிருந்தது. இட நெருக்கடி என்று ஈ அறையை எடுத்துக்கொண்டு, சைக்கிள் ஷெட்டை ஒட்டிய பழைய சாமான் அறையைக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே புட்டி புட்டியாக ஈக்கள் செத்தன. அவற்றையும் கறுப்பு நோட்டில் எழுதினார். காரணம் என்ற இடத்தில் துறைத்தலைவரின் உத்தரவு எண்ணைப் போட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கீழ் ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஆர்.டி.ஓ.வும் மாறியிருந்தார். அந்தக் கம்மாயில் முன்னால் என்ன தண்ணீர் இருந்தது, இப்போது என்ன தண்ணீர் என்று கீழ் ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஆனால் அதே கழிவு எங்கள் வாய்க்காலில் ஓடியபோது கிணறும் வயலும் என்ன ஆயின, நின்றபிறகு என்ன ஆயின என்று சொல்ல எங்கள் ஊர் ஆள் வேண்டும். அந்த அம்மா என்னைத்தான் கேட்டார்.

"நீங்களும் அண்ணனும் வந்து, பாத்ததை மட்டும் சொன்னாப் போதும் பாண்டி. கூடக் குறைய ஒண்ணும் வேண்டாம்."

அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் அப்போது புதிதாக இரண்டு பசு வாங்கியிருந்தார். சாயத் தொழிற்சாலையில் அவர் மூத்த மகனுக்கு வாட்ச்மேன் வேலையும் கிடைத்திருந்தது.

"நமக்கெதுக்குடா அடுத்த ஊரு வம்பு? அவுக பாத்துக்கிருவாக" என்றார்.

விசாரணை அன்று காலை அந்த அம்மா ஒயர் கூடையோடு கல்லூரி பஸ் நிறுத்தத்தில் நின்றார். நான் சைக்கிளை நிறுத்தி, "நாத்து நடுவை மேடம், ஆள் இல்ல" என்றேன். நடவு அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. எங்கள் வயல் பஸ் போகிற வழியில், சாலையை ஒட்டியே இருந்தது. நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டி நிற்பதை அவர் வரும்போதே பார்த்திருக்க வேண்டும்.

"சரி பாண்டி. அறையில நாலு புட்டிக்குச் சாப்பாடு தீந்துருச்சு. மாத்திருங்க" என்றார். பஸ் வந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்ததைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்துக் கையசைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து சாட்சி யாரும் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி அந்த விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். பிறகு இன்னொரு முறை தள்ளிவைத்தார்கள். அடுத்த ஜூனில் அந்த அம்மா வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார். போகும்போது தாங்கும் ஈக்களில் பாதியைக் கூடையில் எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடம் விட்டுப்போனார். துறைத்தலைவர் ரவை வாங்குவதை நிறுத்தியதும் அவை ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தன. எண்ணி எழுத நோட்டு இல்லை.

பஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போன அந்தக் காலையில் நான் நான்கு புட்டிக்கும் சாப்பாடு மாற்றிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு குடித்தேன். துவர்ப்பு கொஞ்சமும் இல்லை. இன்னொரு செம்பும் குடித்தேன்.